நடுவில் நிற்கிற மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணம் கூடி வந்ததில் கால்பந்துக்கும் ஒரு பங்கு உண்டு. பெண் பார்க்க நாகல் நகருக்குப் போயிருந்தபோது என் சித்தப்பா பேச்சுவாக்கில், "பையன் ஃபுட்பால் நல்லா ஆடுவான்" என்று சொல்லிவைத்தார். அதுவரை என் பட்டறையைப் பற்றிச் சம்பிரதாயமாக விசாரித்துக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். யார் எந்த மைதானத்தில் எத்தனை கோல் போட்டார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, தட்டில் இருந்த பஜ்ஜி ஆறிப்போனது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். வாழ்க்கையில் மொத்தம் இரண்டு கோல்தான் போட்டிருக்கிறேன், அதில் ஒன்று எங்கள் கோலுக்குள்ளேயே போட்டது என்று அந்த நேரத்தில் சொல்ல மனசு வரவில்லை. பெண் அவ்வளவு அழகாக இருந்தாள்.

மாமனார் டவுன் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்படியில் நின்று பேசினால் டிரைவருக்குக் காது வலிக்கிற குரல். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலை வீட்டுக்குள் எப்படி வைத்துச் சமாளிப்பது என்று எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த சமயத்தில், எங்கள் கல்யாணம் நடந்த வருஷம், பங்குச் சாமியார் அவரைக் கூப்பிட்டுத் திருவிழா கால்பந்துப் போட்டிக்கு மைக் பிடிக்கச் சொன்னார். வீடு பிழைத்தது.

எங்கள் கோயில் திருவிழா பத்து நாள் நடக்கும். கொடியேறிய மறுநாளே கால்பந்தும் தொடங்கிவிடும். தெருவுக்கு ஒரு அணி, சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து சில அணிகள். முதல் பரிசு ஒரு கிடா. ஜெயித்தவர்கள் அதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது. மாலை போட்டு மைதானத்தை ஒரு சுற்று கூட்டிவந்து, கடைசி நாள் பிரியாணிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஊருக்கே போகப்போகிற அந்த ஒரு கிடாவுக்காக மூன்று மாதம் முட்டி பெயர ஓடுகிறவர்கள் நாங்கள்.

திருவிழாவுக்காகக் கோயிலில் இருந்து கடைவீதி வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். காலையில் திருப்பலி, சாயங்காலம் நவநாள் ஜெபம், இடையில் மூன்று மணியில் இருந்து ஐந்து மணி வரை கால்பந்து. மைதானத்துக்கு வராதவர்களுக்கும் ஆட்டம் போய்ச் சேர்ந்துவிடும். காய்கறிக்காரர் தராசைப் பிடித்தபடி கோல் கணக்குக் கேட்பார். என் மனைவி தையல்காரி. திருவிழா வாரத்தில் ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் வாசலிலேயே நிற்பார்கள், அவளால் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதனால் அவள் என் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அவளுக்கு எல்லாம் அப்பா சொல்லக் கேட்டதுதான்.

மைக்கில் மாமனார் ஆட்டக்காரர்களைத் தெருவில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுவார். நம்பரைச் சொல்லலாம் என்றால், எங்கள் பனியன்கள் ஏதோ ஒரு கல்லூரி அணி கழித்துப் போட்டவை, மூன்று பேர் முதுகில் எட்டு இருக்கும். ஆகவே, "பேக்கரிக்காரர் வாராரு, வாராரு, ஒருத்தரத் தாண்டிட்டாரு, ஆட்டோக்காரர்கிட்ட குடுத்துட்டாரு" என்று போகும். பேக்கரிக்காரர்தான் எங்கள் கேப்டன், கோல் அடிக்கிறவரும் அவரே. ஆட்டோக்காரர் இடது ஓரமாகப் பறப்பவர். கறிக்கடைக்காரர் கோல் காக்கிற கோலி.

நான் நடு ஹாஃப். பின்னால் தடுக்கிறவர்கள் நாலு பேர், முன்னால் அடிக்கிறவர்கள், இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு ஆள். எதிரணியில் பந்தை வாங்கி, திரும்பி, யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறவன் ஒருத்தன் இருப்பான். அவனைத் திரும்பவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பந்து என்னிடம் வருவதற்கு முன்னாலேயே இரண்டு தோளுக்கு மேலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். வந்த பந்தைப் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் என் இடத்துக்கு வந்துவிட வேண்டும். பின்னால் இருக்கிற யாராவது ஆசைப்பட்டு முன்னால் ஏறிப்போனால், அவன் விட்டுப்போன ஓட்டையை நான் போய் அடைக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்தால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஒன்றுமே நடந்திருக்காது. எனக்கு அது பழக்கம்தான். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். சாணார்பட்டிப் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள், தண்ணீர் பாய்கிற வரைக்கும் என்னை நினைக்க மாட்டார்கள். மோட்டார் புகைந்த அன்றைக்குத்தான் போன் வரும்.

கல்யாணமாகி முதல் திருவிழா. முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். நான் புழுதியோடு வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"என்னங்க, இன்னைக்கு ஒங்கள எறக்கலையா?"

"முழு ஆட்டமும் ஆடிட்டுத்தான வாரேன்."

"அப்பா ஒரு வார்த்தகூடச் சொல்லலையே."

நான் சிரித்துச் சமாளித்தேன். இரண்டாவது ஆட்டத்திலும் ஜெயித்தோம். அதிலும் பேக்கரிக்காரர் வந்தார், ஆட்டோக்காரர் போனார், கறிக்கடைக்காரர் பாய்ந்து பிடித்தார். பந்து என் காலுக்கு வந்தபோதெல்லாம் மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டார், அல்லது தண்ணீர் குடித்தார். ஒருமுறை பந்து என்னிடம் இருந்தபோது, தண்ணீர்ப் பந்தலில் மோர் தீரப் போகிறது, வேண்டுகிறவர்கள் சீக்கிரம் வரவும் என்று அறிவிப்புச் செய்தார். அன்றைக்கு ஜாக்கெட் வாங்க வந்த ஒரு அம்மா, "ஒங்க வீட்டுக்காரரு ஆடுறாருன்னு சொன்ன, பெஞ்சுலயா உக்காத்தி வச்சிருக்காக?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். என் மனைவிக்கு வந்ததே கோபம். தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தது அவள்தானே.

அவள் அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டாள். மாமியார் ஒரு சமாதானம் சொன்னார். மாப்பிள்ளையைப் பெயர் சொல்லக் கூடாது. காயில்காரர் என்று ஊரறியச் சொன்னால் மரியாதையாக இருக்காது. என் மாப்பிள்ளை என்று சொன்னால் பீற்றிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். "ஒங்கப்பாவுக்கு வாய் வரலடி, வேற ஒன்னும் இல்ல" என்றாராம்.

அதை நம்பலாம். மாமனாருக்கும் எனக்கும் பேச்சு அந்த மாதிரிதான். நான் அவர் வீட்டுக்குப் போனால் பனியனோடு இருக்கிறவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். "வாங்க மாப்ளே" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார், நான் உட்கார்ந்தால் அவர் நிற்பார். "சாப்டீங்களா மாப்ளே", "ஆச்சு மாமா", அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வராது. ஆனாலும் எனக்குள் ஒரு முள் இருந்தது. மரியாதையால் சொல்லவில்லையா, சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துச் சொல்லவில்லையா? கோல் போடுகிற மாப்பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்ட மனுஷன். வந்து வாய்த்தது நின்ற இடத்திலேயே நிற்கிறவன். அவர் வாயால் ஒரே ஒரு தடவை, அந்த ஸ்பீக்கரில், என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கிடாவைவிட எனக்கு அதுதான் பெரிசாக இருந்தது.

அரையிறுதியில் அந்த ஆசைதான் என்னைக் கவிழ்த்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருக்கிறோம். முடிய இன்னும் கால் மணி நேரம். பந்து என் காலுக்கு வருகிறது, எதிரே நல்ல வெட்டவெளி. பக்கத்தில் ஆள் நிற்கிறான், கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பம் ஞாபகம் வந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டேன். ஒருத்தனைத் தாண்டினேன். இரண்டாவது ஆளையும் தாண்டினேன். கூட்டம் ஓவென்று கத்தியது, பேக்கரிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். மூன்றாவது ஆள் மிகச் சாதாரணமாகக் காலை நீட்டிப் பந்தை எடுத்துக்கொண்டான். எடுத்தவன் நான் நிற்க வேண்டிய இடத்துக்குள் ஒரு பந்து போட்டான். அங்கே எங்கள் ஆள் ஒருத்தருமில்லை. இரண்டே பாஸ்தான், கோல்.

ஸ்பீக்கர் முழங்கியது. "அட, நடுவுல இம்புட்டு எடம் கெடக்கேய்யா. இங்கன ஒரு ஆளு நிப்பாரே, அவரு எங்க போனாரு?"

இப்படியாக நான் மைக்கில் முதன்முதலாக வந்தது, காணாமல் போன ஆளாக.

பெனால்டி கிக்கில் எப்படியோ தப்பித்தோம். கறிக்கடைக்காரர் இரண்டு பந்தைப் பிடித்துப் போட்டார். முடிந்ததும் பேக்கரிக்காரர் என் தோளில் கையைப் போட்டு, "இன்னொரு தடவ நீ கோல் போடப் போன, ஒம் மாமனார்ட்ட மைக்க வாங்கி ஒந் தலையிலயே போடுவேன்" என்றார். வீட்டில் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னைக்கு அப்பா ஒங்களச் சொல்லிட்டாரு, கேட்டேன்" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்து விளக்கைப் போடுகிறேன், மாமனார் வாசலில் நிற்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் பட்டறைக்கு வந்ததே இல்லை. நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை. மேஜையில் கிடந்த பேரிங்கை எடுத்து உருட்டினார், வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே, தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒரு சந்தேகம் கேக்கணும்."

"கேளுங்க மாமா."

"நேத்து நீங்க அந்த எடத்த விட்டுப் போனீங்க, ஒடனே கோல் விழுந்துருச்சு. ராவெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அப்ப மத்த நாள்ல விழாம இருந்தது எதனால?"

இதைவிட நல்ல கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. காப்பர் கம்பிச் சுருளையெல்லாம் ஒதுக்கிவிட்டு மேஜையைக் காலி செய்தேன். நட்டு பதினொன்று எங்கள் அணி, வாஷர் பதினொன்று எதிரணி. பேரிங்கில் இருந்து கழன்ற ஒரு குண்டுதான் பந்து. குண்டை நகர்த்தி, இங்கே வந்தால் இவன் எங்கே போவான், அவன் போனால் நான் எங்கே நிற்பேன் என்று காட்டினேன். நடு நட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதே ஆட்டத்தை மறுபடி நகர்த்தினேன். வாஷர்கள் தங்குதடையில்லாமல் கோல் வரைக்கும் போயின. நட்டைத் திரும்ப வைத்தேன், வழி அடைந்தது. அவர் குனிந்து குனிந்து பார்த்தார். எப்போது ஸ்டூலில் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

"பஸ்ஸுலயும் இதான் மாப்ளே" என்றார் திடீரென்று. "முன் படியில பத்துப் பேரு தொங்குவான், பின் படியில பத்துப் பேரு தொங்குவான். நடுவுல எடம் காலியாக் கெடக்கும். உள்ள போ, உள்ள போன்னு முப்பது வருசம் கத்துனேன். நடுவுல போயி நிக்க எவனுக்கும் மனசு வராது. அங்கன நாலு பேரு நின்னாத்தான் வண்டி ஆடாமப் போகும். அது எனக்குத் தெரியும். இது தெரியாமப் போச்சே."

டீ வாங்கி வந்தேன். குடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒங்க அத்தைகிட்ட, மாப்பிள்ளையப் பத்திச் சொல்லக் கூச்சமா இருக்குன்னு சொல்லிவச்சிருந்தேன். நெசம் அது இல்ல. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்க சும்மா நிக்கிறீங்கன்னுதான் நெனச்சேன்."

அவர் அப்படி ஒத்துக்கொண்டது எனக்கு வலிக்கவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. அன்றைக்கு மதியம் வரை அவர் போகவே இல்லை. ஒரு விவசாயி எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, நாங்கள் இருவரும் நட்டும் வாஷரும் வைத்துக் கார்னர் கிக் ஆடிக்கொண்டிருந்தோம்.

இறுதி ஆட்டம் சின்னாளப்பட்டி அணியோடு. பாதிப் பேர் தறி நெய்கிற வீட்டுப் பையன்கள், கண்ணும் காலும் ஒன்றாக வேலை செய்யும். ஆட்டத்தைத் திருப்புகிறவன் ஒல்லியாக, இடது காலால் ஆடுகிறவன். அவர்கள் கோச் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார். அவர் தலைக்கு நேர் மேலே ஒரு ஸ்பீக்கர் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

விசில் அடிப்பதற்கு முன்னால் மாமனார் தொடங்கினார். "அன்பான பெரியோர்களே, தாய்மார்களே, இன்னைக்கு ஒன்னு சொல்றேன். பந்தப் பாக்காதீக. எங்க மாப்பிள்ளையப் பாருங்க."

மைதானம் கொல்லென்று சிரித்தது. என்னை எப்படிக் குறிப்பிடுவது என்று மாமியாரோடு கலந்து பேசி முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பீற்றிக்கொள்கிற மாதிரி ஆனாலும் ஆகட்டும் என்று துணிந்துவிட்டார். பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. "மாப்பிள்ளை இந்தத் தோளுக்கு மேல பாத்தாரு. அந்தத் தோளுக்கு மேல பாத்தாரு. எதுக்குப் பாக்குறாரு? எல்லாம் கணக்கு. பாத்தீகளா, ஒல்லிப் பையன் பந்தப் பின்னால திருப்பிக் குடுத்துட்டான். ஏன் குடுத்தான்? மாப்பிள்ளை நிக்கிறாரு." பத்து நிமிஷத்துக்குள் மைதானம் முழுக்க என்னை மாப்ளே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. மோர்ப் பந்தலில் இருந்து மாப்ளே, மதில் மேல் இருந்து மாப்ளே. நான் பந்தை வெளியே தட்டிவிட்டதற்கெல்லாம் கைதட்டல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருபத்தைந்தாவது நிமிஷத்தில் பேக்கரிக்காரர் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். அதைக்கூட மாமனார், "இதுக்கு ஆரம்பம் எங்கனன்னு பாத்தீகன்னா" என்று என்னிடம் கொண்டுவந்து முடித்தார்.

அதற்குப் பிறகுதான் வினை. வலது பக்கம் தடுக்கிற எங்கள் பேக் முன்னால் ஏறிப்போனார். அந்த ஓட்டையை அடைக்க நான் நகர்ந்தேன். மாமனாருக்குப் பட்டறையில் கற்றதெல்லாம் பொங்கி வந்துவிட்டது. "இப்பப் பாருங்க, வலது பக்கம் ஆளு இல்ல, அத அடைக்க மாப்பிள்ளை அங்கிட்டுப் போறாரு. அப்ப நடு காலி. பயப்படாதீக, செத்த நேரத்துல திரும்ப வந்துருவாரு."

குடைக்காரர் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார். "ஏலே, நடுவுல போடு" என்று ஒரு சத்தம் கொடுத்தார். நடுவில் போட்டார்கள். கோல்.

மாமனாருக்கு விளங்கவில்லை. அடுத்த தடவையும், "மாப்பிள்ளை இப்ப எடது பக்கம் சாய்வாரு" என்றார். நான் சாய்வதற்கு முன்னாலேயே சின்னாளப்பட்டிக்காரர்கள் பந்தை வலது பக்கம் மாற்றிவிட்டார்கள். கறிக்கடைக்காரர் கோல் கம்பத்தில் மோதிக்கொண்டு அதைத் தடுத்தார். இடைவேளைக்கு ஒன்றுக்கு ஒன்று. எங்கள் ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஒம் மாமனார வாய மூடச் சொல்லுப்பா" என்றார் பேக்கரிக்காரர்.

"நான் எப்படிண்ணே சொல்றது? நீங்க சொல்லுங்க."

"ஒனக்கு மாமனாரு, நான் எதுக்குச் சொல்லணும்?"

யாருக்கும் துணிச்சல் இல்லை. எனக்கோ துணிச்சலும் இல்லை, மனசும் இல்லை. எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை, இப்போதுதான் வாய் நிறைய வந்துகொண்டிருக்கிறது, அதைப் போய் நானே நிறுத்தச் சொல்வதா? மனைவிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்காததன் காரணம் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டபடி மைதானத்தின் கேட்டில் வந்துகொண்டிருந்தது. மெஷினில் பாதி தைத்த ஜாக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்க்காமல் நேராக மேடைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். "அப்பா, நீங்க யாருக்கு மைக் பிடிக்கிறீங்க? நமக்கா, சின்னாளப்பட்டிக்கா?"

"என்னம்மா?"

"அவரு எங்க போறாரு, எந்த எடம் காலின்னு நீங்க சொல்றத, அவங்க கேட்டுக் கேட்டுப் பந்தப் போடுறாங்க. மெஷின்ல உக்காந்துக்கிட்டு எனக்கே வெளங்குது."

மாமனாருடைய முகம் சுருங்கிப்போனது. "நான் பெருமையாத்தானம்மா சொன்னேன்" என்றார்.

"பெருமைய அஞ்சு மணிக்கு மேல சொல்லிக்கங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மனைவியை விட்டுச் சொல்லவைப்பது சரியில்லை என்று பட்டது. மேடைக்குக் கீழே நின்று நானே சொன்னேன். "மாமா, இனிமே என்னையப் பத்தி ஒன்னும் சொல்லாதீங்க. நீங்க பாத்தாப் போதும்." அவர் தலையை மட்டும் அசைத்தார்.

இரண்டாவது பாதி முழுக்க ஸ்பீக்கரில் பேக்கரிக்காரரும் ஆட்டோக்காரரும் கறிக்கடைக்காரரும்தான். மாப்பிள்ளை எங்கே என்று கூட்டம் கத்திக் கேட்டது, அவர் மசியவில்லை. ஆனால் பந்து நின்ற நேரத்தில் நான் மேடைப் பக்கம் திரும்பினால், அவருடைய தலை என்னோடு சேர்ந்தே நகர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. பந்து ஒரு மூலையில் இருக்கும், அவர் வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும், கண் என் மேல் இருக்கும். நான் தோளுக்கு மேல் பார்த்தால் அவரும் பார்த்தார். அப்படி ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. ஒல்லிப் பையன் என் பக்கம் வருவதையே விட்டுவிட்டான்.

முடியப் போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ஆசை யாரை விட்டது, எங்கள் பின்வரிசையில் மூன்று பேர் கோல் முன்னால் போய்விட்டார்கள். அவர்கள் கோலி பந்தைக் குத்திவிட்டான். அது நேராக ஒல்லிப் பையன் காலுக்குப் போனது. அவனும் இன்னொருத்தனும் பாய்ந்து வருகிறார்கள், நடுவில் நான் ஒருத்தன், பின்னால் கறிக்கடைக்காரர். அந்த நேரத்தில் பந்தின் மேல் போய் விழுந்தால் கதை முடிந்தது. நான் விழவில்லை. பின்னால் பின்னால் நடந்தேன். ஒல்லிப் பையனை அவனுடைய வலது கால் பக்கமே தள்ளிக்கொண்டு, மற்றவனையும் ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, கொடு, கொடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே நடந்தேன். வேகம் குறைந்தது. எங்கள் ஆட்கள் திரும்பி ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும், அவசரப்பட்டுப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்தான். அந்தப் பந்துக்குத்தான் நான் காத்திருந்தேன். காலை நீட்டினேன், நின்றது. நிமிர்ந்து ஆட்டோக்காரருக்கு ஒரு பந்து போட்டேன். சின்னாளப்பட்டி ஆட்கள் எல்லோரும் எங்கள் பக்கம் வந்துவிட்டிருந்தார்கள், அவர்கள் பக்கம் வெறும் வெட்டவெளி. ஆட்டோக்காரர் ஓடினார், உள்ளே தட்டினார், பேக்கரிக்காரர் போட்டார்.

"பேக்கரிக்காரர் போட்டுட்டாரு" என்று ஸ்பீக்கரில் மாமனாருடைய குரல் உடைந்து வந்தது. "பேக்கரிக்காரர்தான் போட்டாரு, பேக்கரிக்காரர்தான்" என்று மூன்று தடவை சொன்னார். சொல்லக் கூடாத வார்த்தை தொண்டையில் நின்று அவரைப் படுத்திய பாடு எனக்குத் தெரிந்தது.

இரண்டு நிமிஷத்தில் விசில் அடித்துவிட்டார்கள். எல்லோரும் பேக்கரிக்காரரைத் தூக்கிக்கொண்டு கிடா கட்டியிருந்த பக்கம் ஓடினார்கள். நான் என் இடத்தில் நின்றேன். நின்றேன் என்பதைவிட, நகர முடியவில்லை. இரண்டு காலும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன.

மேடையில் இருந்து மாமனார் இறங்கி ஓடிவந்தார். அந்த வயதில் யாரும் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கையில் இருந்த கம்பியில்லாத மைக்கை வைத்துவிட்டு வர மறந்துவிட்டார். வந்த வேகத்தில் என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மைக் என் காதோரம் அழுந்தியது.

"அப்பு, காலு நடுங்குதுடா ஒனக்கு. செத்த உக்காரு. நீ இல்லேன்னா எல்லாம் போயிருக்கும்டா அப்பு. எம் புள்ளைகிட்ட இப்படி ஒரு ஆட்டத்த நான் பாத்ததில்லடா."

அவர் சொன்னது மைதானத்து ஸ்பீக்கரில் வந்தது, கோயில் கம்பத்தில் வந்தது, கொஞ்சம் பிந்திக் கடைவீதிப் பக்கத்தில் இருந்தும் வந்தது. அவர் பெற்ற பிள்ளைகளைத் தவிர வேறு யாரையும் அவர் அப்பு என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிடாவைச் சுற்றி நின்ற கூட்டம் திரும்பி எங்களைப் பார்த்தது. மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்து நின்றாள்.

"அப்பா, மைக் ஆன்ல இருக்கு. ஊருக்கே கேட்டுருச்சு."

அவர் மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுதாரித்துக்கொண்டு மறுபடியும் மாப்ளே என்று ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்தேன். மைக்கை மகள் கையில் கொடுத்தார்.

"கேட்டா கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு புழுதியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.